பெற்றோர் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை, நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

கேள்வி: ஒரு கிராமத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான சிறிய பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எல்லாம் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள். பதிவேட்டில் 22 பேர், வருவது பதினைந்து பேர். வயல் வேலை மும்முரமான மாதங்களில் ஏழெட்டுப் பேர்தான். பெற்றோர் கூட்டம் வைத்தால் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களும் "எப்போ எழுத வைப்பீங்க, சும்மா விளையாடத்தானே விடுறீங்க" என்றுதான் கேட்கிறார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சேர்ந்து பல மாதம் ஆகியும் வாயே திறப்பதில்லை. அவளைக் கூட்டிவருவது ஒன்பது வயது அக்கா, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. அந்த அக்கா பள்ளிக்கூடமே போவதில்லை. பெற்றோருக்கே அக்கறை இல்லாதபோது நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் யோசனை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பாருங்கள், விடிவதற்கு முன்னால் எழுந்து வேலைக்கு ஓடுகிற ஒரு அம்மா, தன் நான்கு வயது மகளுக்குத் தலைவாரி, ஒன்பது வயது மகளிடம் ஒப்படைத்து, "தங்கச்சியைக் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று தினமும் சொல்லி அனுப்புகிறாள். அக்கறை இல்லாதவள் இதைச் செய்ய மாட்டாள். கூட்டத்துக்கு அவள் வராததற்குக் காரணம் வேறு. நீங்கள் கூட்டம் வைக்கிற நேரம் அவளுக்கு அரைநாள் கூலி. அதோடு, பள்ளிக்கூடம் என்ற இடத்தில் கடைசியாக அவள் உட்கார்ந்திருந்தபோது யாரிடமோ திட்டு வாங்கியிருக்கக்கூடும், அல்லது உட்காரவே வாய்ப்புக் கிடைக்காமல் போயிருக்கலாம். நாலு பேர் முன்னால் "உங்க பிள்ளை ஒழுங்கா வர்றதில்லை" என்று கேட்டுக்கொள்வதற்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நானாக இருந்தாலும் போக மாட்டேன்.

எனவே கூட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். அவர்கள் உங்களிடம் வர முடியாது என்றால் நீங்கள் அவர்களிடம் போக வேண்டும், அவ்வளவுதான். இதைச் சேவை மனப்பான்மையோடு சொல்லும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகள் விஷயத்தில் எது நீண்ட காலம் பலன் தருகிறது என்று பார்த்தால், நன்றாக ஆராய்ந்து பார்த்த வழிகளில் வீட்டுக்குப் போவது முன்வரிசையில் நிற்கிறது. ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழ்மையான பகுதிகளில் 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஊட்டம் குறைந்து, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள், எல்லோரும் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள். சில வீடுகளுக்கு சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போய், அம்மாவோடும் குழந்தையோடும் சேர்ந்து விளையாடினார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. போனவர்கள் பெரிய பட்டம் படித்தவர்கள் இல்லை. விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் வீட்டில் தூக்கிப்போடுகிற பொருட்களில் செய்தவை. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டு கிடைக்காத குழுவைவிட இவர்கள் 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டச்சத்து மட்டும் கொடுத்த குழுவுக்கு ஆரம்பத்தில் நன்மை தெரிந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. சாப்பாடு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது, பசியோடு இருக்கிற பிள்ளைக்கு எதுவும் ஏறாது. ஆனால் சாப்பாடு கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, வீட்டுக்குப் போய் என்ன செய்வது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலில் நின்றபடி "ஏன் நேத்து அனுப்பல" என்று ஆரம்பிக்காதீர்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, அடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை ஓட்டாதீர்கள், அவர்கள் அதைக் கவனித்துவிடுவார்கள், அப்புறம் அடுத்த முறை நீங்கள் வருவது தெரிந்ததும் கதவு சாத்தியிருக்கும். எந்த நேரம் வந்தால் தோது என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். ஒரு பையில் இரண்டு மூன்று சாமான் போதும்: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி இரண்டு மூன்று கிண்ணம், வாய்க்குள் போட்டு விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய மூடிகள் கொஞ்சம்.

முதலில் பிள்ளையிடம் கொடுத்து ஒரு நிமிடம் விளையாடிக் காட்டுங்கள். மூடியை டப்பாவுக்குள் போட்டு ஆட்டினால் சத்தம் வரும், பிள்ளை திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில் டப்பாவை அம்மாவின் கைக்கு மாற்றிவிட்டு நீங்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள். பிள்ளை உங்களோடு நன்றாக விளையாடி என்ன ஆகப்போகிறது, நீங்கள் கிளம்பிப் போய்விடுவீர்கள். வாரத்தில் மீதி நேரமெல்லாம் கூட இருக்கப்போவது அம்மாவோ பாட்டியோதான். அம்மா டப்பாவை ஆட்டுவாள், பிள்ளை கையை நீட்டும், அவள் "வேணுமா? இந்தா" என்பாள். இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். "பாத்தீங்களா, அது கேட்டுச்சு, நீங்க பதில் சொன்னீங்க, இப்ப மறுபடி உங்க மூஞ்சியப் பாக்குது" என்று நடந்ததை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். "சூப்பர்", "வெரி குட்" என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டுவதைவிட இது நூறு மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் தான் செய்த எந்தக் காரியம் பிள்ளைக்கு உதவியது என்று அந்த அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். கிளம்பும்போது சாமானை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது வேறு ஒன்றைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ளுங்கள். ஜமைக்காவிலும் இப்படித்தான் செய்தார்கள்.

"நான் எழுதப் படிக்கத் தெரியாதவ, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது" என்று ஒருத்தியாவது சொல்வாள், இதைக் கேட்காமல் இருக்கவே மாட்டீர்கள். உடனே "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று ஆறுதல் சொல்லிக் கடந்துபோகாதீர்கள், அவள் கையில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். துணி மடிக்கிறாள் என்றால் பெரிய துணி, சின்னத் துணி, அப்பாவுடையது, தம்பியுடையது என்று பிரித்து வைக்கப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் கண்ணில் படுகிறதையெல்லாம் பேர் சொல்லிப் பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கணக்குக்கும் மொழிக்கும் அடித்தளம் இதுதான். படப் புத்தகம் ஒன்று கிடைத்தால் எழுத்தைப் படிக்கவே வேண்டாம், படத்தைக் காட்டி "இவன் ஏன் அழுறான்?" என்று கேட்டு, பிள்ளை சொல்கிற பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் போதும். அதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கதைக்கும் பாட்டுக்கும் விடுகதைக்கும் அவர்களைவிட்டால் ஆள் கிடையாது. அப்பாக்களை மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்து வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடுவதற்குத்தான் ஆள் இல்லை.

அப்புறம், அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சை நீங்கள் திருத்தவே கூடாது. பிள்ளை எந்தப் பேச்சில் வளர்கிறதோ அந்தப் பேச்சிலேயே வாயாடட்டும், பள்ளிக்கூடத்துப் பேச்சு பின்னால் வந்து சேரும்.

எழுத வைக்கவில்லை என்ற குறைக்கு வருகிறேன். இதைக் கேட்டு நீங்கள் எரிச்சல் அடைந்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தான் படுகிற பாடு பிள்ளைக்கு வேண்டாம், படிப்பு ஒன்றுதான் வழி, படிப்பு என்றால் எழுத்து. இதில் என்ன தப்பு? கடைசிப் படியில் மட்டும்தான் அவர்களுக்கு விவரம் போதவில்லை. மூன்று வயதில் விரல்களின் சின்னத் தசைகள் பென்சிலை அழுத்திப் பிடித்து வரிக்குள் எழுதுகிற அளவுக்குத் தயாராகியிருக்காது. மண்ணைப் பிசைவதும், மணி கோர்ப்பதும், காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதும்தான் அந்த விரல்களைத் தயார் செய்கின்றன. வற்புறுத்தி எழுதவைத்த பிள்ளை எழுத்தை வெறுக்கப் பழகிவிடும்.

இதை நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் ஏறாது, ஆகையால் விளக்காதீர்கள், காட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, வருகிற பிள்ளை தன் அட்டையைத் தேடியெடுத்து மாட்டுகிற மாதிரி வையுங்கள். சில வாரத்தில் பிள்ளை தன் பெயரை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய், நாலு அட்டைக்கு நடுவில் வைத்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள், அப்பாவும் அம்மாவும் பார்க்கட்டும். பிள்ளை வரைந்த படத்துக்குக் கீழே, "இது என்ன?" என்று கேட்டு அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தான் சொன்னது எழுத்தாக மாறுகிறது என்று பிள்ளைக்கும் புரியும், பள்ளியில் ஏதோ நடக்கிறது என்று வீட்டுக்கும் புரியும்.

விளையாட்டு வழியில் படித்த பிள்ளைகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் டேவிட் வைகார்ட் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி. 123 ஏழைப் பிள்ளைகளில் 58 பேருக்கு இந்தப் பள்ளி, மற்றவர்களுக்குக் கிடையாது. பிள்ளைகள் இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தாங்களே திட்டமிட்டு விளையாடினார்கள். நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னிலை தொடக்கப் பள்ளிக்குள் போன சில வருடத்திலேயே மங்கிப்போனது, அப்போது பலரும் இது வீண் என்றுகூட நினைத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களும், நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம், காவல்துறையிடம் சிக்கியவர்கள் குறைவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆசிரியைகளுக்கு வகுப்பு காலையில் மட்டும்தான். அதைத் தவிர வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் இருப்பதும் அவர்கள் வேலையில் அடக்கம். இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்.

வேலை மாதங்களில் வருகை குறைவதும், அந்த அக்காவின் விஷயமும் ஒரே முடிச்சுதான். அம்மா வேலைக்குப் போகிற நேரமும் உங்கள் பள்ளி திறக்கிற நேரமும் ஒத்துப்போகாதபோது, நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது ஒரு மூத்த பெண் குழந்தைதான். மகாராஷ்டிராவில் தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945இல் போர்டி என்ற ஊரில் கிராமத்துப் பிள்ளைகளுக்கான வேலையைத் தொடங்கி, பிறகு அனுதாய் வாக் என்ற ஆசிரியையோடு கோஸ்பாட் பழங்குடிப் பகுதிக்குப் போனபோது அங்கேயும் இதே கதைதான். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, ஆகவே பள்ளியைப் பிள்ளைகள் இருக்கிற முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற சிறுமிகளுக்காகக் குழந்தைகள் காப்பகம், பாலர் வகுப்பு, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். எத்தனையோ வருடம் கடந்துவிட்டது, இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது. மொசாம்பிக்கில் காசா மாகாணத்துக் கிராமங்களில் சமூகப் பாலர் பள்ளிகள் வந்தபோதும், அந்தச் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்ததோடு, வீட்டில் இருந்த பத்து வயதுக்கு மேற்பட்ட அண்ணன் அக்காக்களும் பள்ளிக்குப் போவது கூடியது, பெற்றோர் வேலைக்குப் போவதும் கூடியது.

உங்களால் நாளைக்கே காப்பகம் திறக்க முடியாது, தெரியும். ஆனால் வேலை மாதங்களில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்க முடியுமா என்று பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடமே கேளுங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் நம்பகமான ஒரு பாட்டியை, நாலு குடும்பம் சேர்ந்து ஏற்பாடு செய்ய முடியுமா என்று பேசுங்கள். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்து, விட்டுப்போன வகுப்புகளுக்கு ஈடுகட்டி அந்த அக்காவை எப்படிச் சேர்ப்பது என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தப் பெண் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள், வகுப்பில் உங்களுக்குக் கூடமாட உதவி செய்ய ஆரம்பித்துவிடுவாள், உங்களுக்கும் அது வசதியாக இருக்கும். அதற்குப் பழகிவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு வீட்டு வேலையைச் சுமக்கிற குழந்தை தலையில் இன்னொரு வேலையை ஏற்றியதாகிவிடும். அவள் பள்ளியில் சேருகிற வரைக்கும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுக்கும் ஒரு புத்தகம் கொடுங்கள்.

இப்போது பேசாத அந்தச் சிறுமி. இதற்கு விடை சொல்லக்கூடிய முதல் ஆள் அந்த அக்காதான். "வீட்டுல பேசுவாளா? உன்கிட்ட என்னென்ன சொல்லுவா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாள், இங்கேதான் மூடிக்கொள்கிறாள் என்றால் அது ஒரு வகைப் பயம். பேசச் சொல்லி நச்சரிக்காமல், எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்காமல், தலையாட்டினாலும் விரல் காட்டினாலும் பதிலாக ஏற்றுக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் வழியாகவே மெல்ல மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். அப்படியும் மாதக்கணக்கில் மாறவில்லை என்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டலாம். வீட்டிலேயும் பேசுவதில்லை என்றால் தாமதிக்கக் கூடாது, முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காதில் சீழ் வடிகிற பிள்ளைகளை "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுவது நிறைய நடக்கிறது, திரும்பத் திரும்பச் சீழ் வைத்தால் கேட்கும் திறன் குறையும், கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது. அவள் பின்னால் நின்று, அவளுக்குத் தெரியாமல் மெல்லிய குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்புகிறாளா, உங்கள் உதட்டைப் பார்த்தால்தான் புரிந்துகொள்கிறாளா என்று கவனியுங்கள். இது பரிசோதனை ஆகாது, திரும்பினாலும்கூட டாக்டரிடம் போய்க் காது கேட்கும் சோதனை செய்தே ஆக வேண்டும். "போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போக மாட்டார்கள், முதல் தடவை நீங்களோ ஊரில் யாராவதோ கூடப் போங்கள். எந்த வாசலில் நுழைவது, யாரிடம் கேட்பது என்ற தயக்கத்திலேயே பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

வீடு வீடாகப் போகும்போது இன்னொன்று கண்ணில் படும். எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை அழுதாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா. சோம்பேறி என்று ஊர் சொல்லும். அது மனச்சோர்வாக இருக்கலாம், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, இப்படிப்பட்ட அம்மாக்களிடம் வீட்டுக்குப் போய் முறையாகப் பேசவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, கிடைக்காதவர்களில் 53 சதவீதம் பேருக்கு. 2008இல் வெளியான ஆய்வு இது. நீங்கள் வைத்தியம் செய்யப் போக வேண்டாம். ஆனால் அறிவுரை சொல்லாமல் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது, சுகாதாரப் பணியாளரிடம் தகவல் சொல்வது, அடுத்த வாரமும் போய்ப் பார்ப்பது இதெல்லாம் முடியும். தன்னையோ குழந்தையையோ முடித்துக்கொள்வது பற்றி அவள் வாயில் ஒரு வார்த்தை வந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. அடிதடி நடக்கிற வீடு என்றாலும் நீங்கள் தனி ஆளாகப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரத்தைக் கையில் வைத்திருங்கள்.

கூட்டம் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அது இப்போதைக்குத்தான். இரண்டு மூன்று மாதம் வீடுகளுக்குப் போய்ப் பழகிய பிறகு, அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்தில், கூடுகிற நேரத்தில் வையுங்கள். துருக்கியில் இஸ்தான்புல் நகரத்தில் 1982இல் சிக்டெம் காயித்சிபாஷி என்ற உளவியலாளர் தொடங்கிய முயற்சியில், அதிகம் படிக்காத அம்மாக்கள் குழுவாகக் கூடினார்கள். பிள்ளை வளர்ப்போடு, அந்த அம்மாக்களின் சொந்த ஆரோக்கியம், வீட்டில் தன் பேச்சை எடுபடவைப்பது எல்லாம் அங்கே பேசப்பட்டது. அந்தப் பிள்ளைகள் பின்னாளில் அதிக வருடம் பள்ளியில் நீடித்தார்கள். தனக்கும் ஏதாவது கிடைக்கிற இடத்துக்கு யாரும் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் விண்ணப்பத்தை எல்லோருக்கும் நிரப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு பேருக்குமேல் வருகிறார்களா இல்லையா என்று.

கடைசியாக உங்களைப் பற்றி. 22 வீட்டுக்கும் வாராவாரம் உங்கள் ஒருவரால் போக முடியாது, முயற்சி செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வருகை மிகக் குறைவாக உள்ள பிள்ளைகளின் வீடுகளில் நாலைந்தை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் விடாமல் போங்கள். இருபது வீட்டுக்கு ஒரு தடவை போவதைவிட ஐந்து வீட்டுக்கு நாலு தடவை போவது மேல். இதை வகுப்பு முடிந்த பிறகு உங்கள் சொந்த நேரத்தில் செய்கிற தியாகமாக ஆக்கிவிடாதீர்கள், அப்படி ஆக்கினால் ஆறு மாதத்துக்குமேல் தாங்காது. உங்கள் பள்ளியை நடத்துகிறவர்களிடம் பெர்ரி பள்ளி விவரத்தைச் சொல்லி, வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்குப் போகும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள், பேருந்துச் செலவையும் கேளுங்கள். தயங்கினால், மூன்று மாதம் மட்டும் செய்து பார்க்கலாம், வருகைப் பதிவேட்டை முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று கேளுங்கள், மறுப்பது கஷ்டம். இன்றைய தேதியோடு ஒவ்வொரு பிள்ளையின் வருகையையும் இப்போதே தனியாகக் குறித்து வைத்துவிடுங்கள், பேசப் போகும்போது கையில் வேண்டியிருக்கும்.